பிரித்தெடுக்கும் வழிகாட்டி: வரியினால் பிறந்த ஒரு காரின் வரலாறு

வரி மக்களை வருத்தும் என்பது தெரிந்த விடயம். ஆனால் சில வேளைகளில் வரியானது பொருள்களின் வடிவத்தையே மாற்றிவிடுவதுண்டு. இங்கிலாந்தில் 1696 முதல் 1851 வரை ஜன்னல்களுக்கு வரி விதிக்கப்பட்டிருந்தது. வீட்டுக்காரர்கள் ஜன்னல்களைச் செங்கல்லால் அடைத்துவிட்டு இருட்டில் இருந்தனர். அப்படி அடைக்கப்பட்ட ஜன்னல்களை அந்நாட்டின் பழைய வீடுகளில் இன்றும் காணலாம். அதே நாட்டில் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விதிக்கப்பட்ட இன்னொரு வரி, பெட்டிகளில் அடைத்துத் துண்டு துண்டாக விற்கப்பட்ட ஒரு காருக்கு வழிவிட்டது. அந்தக் காரையும், அதைப்பற்றி அதன் அபிமானிகள் அறுபது எழுபது ஆண்டுகளாக நடத்திவரும் வாதப் பிரதிவாதங்களையும் பற்றியதே இக்கட்டுரை.

நான் வேகப் பிரியன் அல்லன். கார் ஓட்டும்போது பின்னால் வருபவர்களின் ஹோர்ன் ஒலிக்குப் பழகிப்போனவன். கலைப்பீடத்தில் பொருளாதார வரலாறு படித்தமையால், லோட்டஸ் செவன் என்ற இந்தக் காரை நான் வரிக் கொள்கை வழியாகவே முதன்முதலில் சந்தித்தேன். பிறகுதான் பழைய பிரித்தானிய மோட்டார் சஞ்சிகைகளைத் தேடித் தேடி வாசிக்கும் பழக்கம் தொற்றிக்கொண்டது. பத்திரிகைத் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்தவன் என்ற முறையில் சொல்கின்றேன்: ஒரு சமூகத்தின் மனதை அறிய வேண்டுமாயின் ஆசிரியத் தலையங்கத்தை விட வாசகர் கடிதங்களை வாசிப்பதே மேல்.

முதலில் வரியைப் பார்ப்போம். கொள்வனவு வரி எனப்பட்ட அந்த வரி யுத்த காலத்தில், 1940 இல் பிரித்தானியாவில் அறிமுகமானது. ஆடம்பரப் பொருள்களின் நுகர்வைக் குறைத்து யுத்தத்துக்கு வளங்களைத் திருப்புவதே அதன் நோக்கம். யுத்தம் முடிந்தும் வரி முடியவில்லை. 1950 களின் பிற்பகுதியில் புதிய கார் ஒன்றின் மொத்த விற்பனைப் பெறுமதியில் 60 சதவீதம் வரியாக அறவிடப்பட்டது. இலங்கை வாசகர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வாகனத்தின் விலையை விட அதன் வரி கூடுதலாக இருப்பதைக் கண்டு பழகியவர்கள் நாம். 2020 முதல் 2025 இன் தொடக்கம் வரை தனியார் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டிருந்ததையும் கண்டவர்கள்.

ஆனால் அந்தப் பிரித்தானியச் சட்டத்தில் ஓர் இடைவெளி இருந்தது. முழுமையாகப் பூட்டப்பட்ட காருக்கே வரி. காரின் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, வாங்கியவரே தன் கையால் பூட்டிக்கொண்டால் வரி இல்லை. இந்த இடைவெளியை நன்கு கண்டுகொண்டவர் கொலின் சப்மன்.

சப்மன் 1928 இல் பிறந்தவர். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் கட்டமைப்புப் பொறியியல் படித்தார். மாணவராக இருக்கும்போதே பழைய கார்களை வாங்கி விற்றுச் சிறு வருமானம் தேடினார். 1948 இல் வட இலண்டனில், தனது காதலியான ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோருக்குரிய கராஜில், விற்க முடியாமல் மிஞ்சிய ஒரு பழைய ஒஸ்ரின் செவனைப் பிரித்து முதலாவது காரைக் கட்டினார். ஒஸ்ரின் செவன் என்பது 1922 முதல் 1939 வரை உற்பத்தியான சின்னஞ்சிறு கார். நம்மூர் முதியவர்கள் பேபி ஒஸ்ரின் என்று நினைவுகூருவது அதைத்தான். 747 கனசென்ரிமீற்றர் எஞ்சின். யுத்தத்துக்குப் பிந்திய இங்கிலாந்தில் அவை மலிந்து கிடந்தன. பணமில்லாத இளைஞர்களுக்கு அதுவே கச்சாப்பொருளாகியது.

அந்த இளைஞர்கள் கூடிய இடம் 750 மோட்டார் கழகம். மோட்டார் ஸ்போர்ட் சஞ்சிகையின் நீண்டகால ஆசிரியரான பில் பொடியின் முயற்சியால் 1939 இல் ஒஸ்ரின் செவன் பிரியர்களுக்காகத் தொடங்கப்பட்ட கழகம் அது. யுத்தத்துக்குப் பின்னர் மலிவான கார்ப் பந்தயங்களுக்கான விதிகளை வகுத்து நடத்தியது. கச்சேரிக் கணக்குப்பிள்ளை போலப் பந்தய விதிகளை வரிக்கு வரி வாசித்துச் சொல்லப்படாததைக் கண்டுபிடிப்பதில் சப்மன் வல்லவர். 1951 இல் அவர் கட்டிய காரின் எஞ்சினில், இரண்டு சிலிண்டர்களுக்குப் பொதுவாக இருந்த உள்ளெடுப்புத் துவாரங்களைத் தந்திரமாகப் பிரித்துவிட்டார். மற்றவர்கள் கிட்டவும் நெருங்க முடியவில்லை. பின்னர் அந்த முறை விதிகளில் தடைசெய்யப்பட்டது. விதி செய்பவர்களுக்கும் சப்மனுக்கும் இடையிலான இந்தப் போட்டி அவர் மறையும் வரை தொடர்ந்தது.

1952 இன் முதல் நாளில், ஹேசலிடம் கடனாகப் பெற்ற 25 பவுணுடன் லோட்டஸ் நிறுவனம் பிறந்தது. ஹோர்ன்சியில் சப்மனின் தந்தை நடத்திய ஹோட்டலுக்குப் பின்புறமிருந்த பழைய குதிரை லாயமே தொழிற்சாலை. அங்கிருந்து வெளிவந்த ஆறாவது மாதிரியுருதான் பாகங்களாக விற்கப்பட்ட முதலாவது லோட்டஸ். ஏறத்தாழ நூறு மாத்திரமே கட்டப்பட்டன. ஏழாம் இலக்கம் அப்போது வெற்றிடமாக விடப்பட்டது. பதினோராம் இலக்கம் வரை போன பின்னர் 1957 இல் திரும்பிவந்து அந்த வெற்றிடத்தை நிரப்பினார்கள். அதுவே லோட்டஸ் செவன்.

விலையைப் பாருங்கள். வரியுடன் முழுக் காராக வாங்கினால் 1,036 பவுண். பாகங்களாக வாங்கினால் 536 பவுண். ஏறத்தாழப் பாதி! த மோட்டார் சஞ்சிகை 1958 இல் இக்காரைப் பரீட்சித்தபோது பாகங்களின் கணக்கையும் வாசகர்களுக்குக் கொடுத்தது. லோட்டஸுக்கு 399 பவுண், போர்ட் எஞ்சினுக்கும் கியர்பெட்டிக்கும் 100 பவுண், பின் அச்சுக்கு 27 பவுண். பத்துப் பவுண் முன்பின்னாகக் கணக்கு ஒன்றுதான். ஓர் இளம் எழுதுவினைஞனோ ஆசிரியனோ எட்டிப்பிடிக்கக் கூடிய தொகை.

இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. பாகங்களுடன் பூட்டும் வழிகாட்டி ஒன்றைக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது என்பது விதி. பிரித்தெடுக்கும் வழிகாட்டியைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. ஆகவே லோட்டஸ் நிறுவனம் காரை எவ்வாறு பிரிப்பது என்று ஒரு வழிகாட்டியைக் கொடுத்தது. வாங்கியவர் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து முதற்பக்கம் நோக்கி வாசித்தால் கார் தயார். சட்டத்தின் எழுத்தை மீறாமல் அதன் நோக்கத்தைத் தலைகீழாக்கிய இதைவிட நேர்த்தியான எடுத்துக்காட்டை என் வாசிப்பில் நான் கண்டதில்லை.

இனி அந்தக் கார் எப்படி ஓடியது என்பது. த மோட்டார் பரீட்சித்த கார் மணிக்கு 80.4 மைல் வேகத்தை எட்டியது. நின்ற நிலையிலிருந்து 60 மைல் வேகத்தைத் தொட 17.8 செக்கன் எடுத்தது. இன்று நமது தெருக்களில் ஓடும் சிறிய ஜப்பானிய கார்கள் கூட இதைச் சிரமமின்றிச் செய்துவிடும். அப்படியாயின் அபிமானிகள் எதைப் பார்த்து மயங்கினார்கள்?

நிறையைப் பார்த்துத்தான். முதலாவது செவன் ஏறத்தாழ 1,100 இறாத்தல், அதாவது 500 கிலோகிராம். அதே காலத்து மொறிஸ் மைனர் 1000 ஏறத்தாழ 775 கிலோ. மெல்லிய உருக்குக் குழாய்களை முக்கோணங்களாக ஒட்டி ஒரு கூடு. அக்கூட்டின் மேல் அறைந்த அலுமினியத் தகடுகளும் கூட்டுக்கு உறுதி சேர்க்கும் வண்ணம் வைக்கப்பட்டிருந்தன. கதவு இல்லை. ஹீற்றர் இல்லை. மழைக்கு ஒரு துணிக்கூரை, அதை மாட்டிய பின்னர் உள்ளே ஏறுவது ஒரு தனிக் கலை. ஓட்டுபவரின் முழங்கை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கை நீட்டினால் வீதியைத் தொடலாம்.

நிறை குறைவு என்பது வெறும் எண் அல்ல. கார் பாரமாக இருந்தால் அதை நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும். பெரிய பிரேக்குக்குப் பெரிய சில்லு, பெரிய சில்லுக்குப் பருத்த சஸ்பென்சன், இவற்றையெல்லாம் இழுக்கப் பெரிய எஞ்சின், அதற்குப் பெரிய எரிபொருள் தாங்கி. இப்படி ஒன்று மற்றொன்றை ஊதிப் பெருப்பிக்கும். இந்தச் சங்கிலியைப் பின்னோக்கி இழுத்ததே சப்மனின் மேதைமை. ஒரு பாகத்தை நீக்கினால் அதைத் தாங்கிய இன்னொரு பாகமும் தேவையற்றுப்போகும். எஞ்சியிருப்பது திரும்பு என்றவுடன் திரும்பும் கார். ஸ்ரியரிங்கில் விரல்வழி வீதியின் கல்லும் குழியும் தெரியும் கார். அபிமானிகள் பேசியதெல்லாம் இதைப்பற்றியே. நேரான பாதையில் யார் முந்துவது என்பது அவர்களுக்கு இரண்டாம்பட்சம்; வளைவில் என்ன நடக்கின்றது என்பதே முதன்மை. மோட்டார் சைக்கிளுக்கு நான்கு சில்லு பூட்டியது போல என்று சிலர் புகழ்ந்தனர். அதையே வேறு சிலர் இகழ்ச்சியாகவும் சொன்னார்கள்!

போர்ட் எஞ்சினுடன் தொடங்கிய செவன் பிறகு பி.எம்.சி. நிறுவனத்தின் 948 கனசென்ரிமீற்றர் ஏ வரிசை எஞ்சினுடனும் கிடைத்தது. மொறிஸ் மைனர் 1000 இன் எஞ்சின் அதுவே. அந்த எஞ்சினை யாழ்ப்பாணத்தவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1990 களின் முற்பகுதியில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதாகிப்போன நாட்களில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு இயக்கிப் பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்ட கார்கள் பல இந்தத் தலைமுறையைச் சேர்ந்தவையே. புகை கக்கியபடி ஓடின, ஆனால் ஓடின. அவற்றைப் பிரித்துப் பூட்டிய நமது மெக்கானிக்குகளுக்கும், இலண்டன் புறநகர்க் கராஜ்களில் செவனைப் பூட்டியவர்களுக்கும் ஒரு பொதுமை உண்டு. இரு சாராருக்கும் அது கையால் அறிந்த பொருள். எந்த ஆணி எங்கே போகும் என்பது கண்ணை மூடினாலும் தெரியும். வேறுபாடு, ஒருவருக்கு அது விருப்பம். மற்றவருக்கு வேறு வழியில்லை.

கையால் அறிந்தவர்களின் அபிப்பிராயத்துக்குத் தனி வலு உண்டு. கடையில் வாங்கியவர் கார் பழுதானால் கம்பனியைத் திட்டுவார். தானே பூட்டியவர் முதலில் தன்னைச் சந்தேகிப்பார், பிறகு கம்பனியைத் திட்டுவார்; ஆனால் எந்தப் பாகம், ஏன் முறிந்தது என்று சொல்லித் திட்டுவார். லோட்டஸ் என்ற ஆங்கிலப் பெயரின் ஐந்து எழுத்துகளையும் விரித்து, 'நிறைய உபத்திரவம், பெரும்பாலும் பாரதூரமானது' என்று பொருள்படும்படி அபிமானிகளே ஒரு பகிடி சொல்வார்கள். அப்பகிடியை வெளியாள் சொன்னால் மாத்திரம் அவர்களுக்குக் கோபம் வரும்.

பகிடியாகக் கடந்துபோக முடியாத பக்கமும் இதற்கு உண்டு. மெலிதாக்கு, இன்னும் மெலிதாக்கு என்ற அந்தக் கொள்கை போர்முலா 1 பந்தயங்களில் லோட்டஸுக்கு ஏழு தடவை உற்பத்தியாளர் பட்டத்தைப் பெற்றுக்கொடுத்தது. அதே கொள்கைக்கு விலையும் கொடுக்கப்பட்டது. ஒஸ்திரிய வீரர் ஜொக்கன் ரிண்ட் 1969 இல் பார்சலோனாவில் காரின் சிறகு முறிந்து விபத்துக்குள்ளான பின்னர், காரின் உறுதியில் தனக்கு நம்பிக்கை வேண்டும் என்று சப்மனுக்கே கடிதம் எழுதியவர். அடுத்த ஆண்டு செப்ரெம்பரில் மொன்சாவில் லோட்டஸ் 72 காரில் அவர் இறந்தார். முன் பிரேக்கின் தண்டு முறிந்தமையே விபத்தின் தொடக்கம் எனப் பின்னர் கருதப்பட்டது. இறந்த பின்னர் உலக சம்பியன் பட்டத்தைப் பெற்ற ஒரே வீரர் அவர்தான். சப்மனின் மேதைமையைப் பாடும் கட்டுரைகளில் இந்தப் பந்தி பெரும்பாலும் விடுபட்டுப்போகின்றது. செவன் பந்தய மேடையின் கார் அல்ல என்பது உண்மையே. ஆயினும் இரண்டும் ஒரே சிந்தனையின் பிள்ளைகள்.

1960 களில் சப்மனின் நாட்டம் மாறியது. 1962 இல் எலான் வந்தது. 1966 இல் தொழிற்சாலை நோர்போக் மாவட்டத்தின் ஹெத்தலில் இருந்த பழைய விமானத் தளத்துக்கு இடம்பெயர்ந்தது. 1968 இல் லோட்டஸ் பங்குச் சந்தைக்கு வந்தது. வசதி படைத்தவர்களுக்குரிய கார் செய்பவராகத் தன்னைக் காட்டிக்கொள்ள விரும்பிய ஒருவருக்கு, குதிரை லாயக் காலத்தை நினைவூட்டும் கதவில்லாத கார் ஒரு சங்கடம். ஊரில் படித்து முன்னுக்கு வந்தவர் பழைய ஓலைவீட்டைப் படம் பிடிக்க விடாதது போல. அரசும் வரியைக் குறைத்துக்கொண்டு வந்தது. 1962 நவம்பரில் கார்களுக்கான கொள்வனவு வரி 25 சதவீதமாக இறங்கியது. பாகங்களாக வாங்குவதில் இருந்த இலாபம் சுருங்கியது.

இந்த இடைக்காலத்தில் செவனுக்கு எதிர்பாராத ஒரு விளம்பரம் கிடைத்தது. 1967 முதல் 1968 வரை பிரித்தானியத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 'த பிரிசனர்' தொடரின் முகப்புக் காட்சியில், பற்றிக் மக்கூஹன் ஏற்ற உளவாளி தனது பதவியை இராஜினாமாச் செய்யப் போவது லோட்டஸ் செவன் ஒன்றில்தான். அமைப்புக்கு அடங்காத மனிதனின் வாகனம் என்ற படிமம் அன்று ஒட்டிக்கொண்டது. தொடரின் இறுதி அங்கத்தில் அந்தக் காரைக் கொண்டுவந்து கொடுப்பவராக ஒரு கணம் தோன்றுபவர் நடிகர் அல்லர். சரே மாவட்டத்தின் கேற்றர்ஹாம் என்ற சிறுபட்டினத்தில் லோட்டஸ் கார் விற்ற கிரஹாம் நேர்ன். இவருடைய பெயரை நினைவில் வைத்திருங்கள்.

1970 இல் செவனின் நான்காம் தொடர் வெளிவந்தது. அபிமானிகளின் வரலாற்றில் இது பெரும் பிளவு ஆண்டு. அலுமினியத் தகடும் உருண்டை மூக்கும் போய், சதுரமான கண்ணாடியிழை உடல் வந்தது. உட்பகுதி சற்று அகலமானது. பக்கத் திரைகளில் நகர்த்தக்கூடிய ஜன்னல் வந்தது. எம்.ஜி., ட்ரயம்ப் போன்ற சாதாரண ஸ்போர்ட்ஸ் கார்களை வாங்கும் இளைஞர்களை இழுப்பதே நோக்கம். பழைய அபிமானிகள் கொதித்தெழுந்தார்கள். கடற்கரையில் ஓட்டும் விளையாட்டு வண்டி என்று ஏளனம் செய்தார்கள். செவன் என்ற பெயருக்கு அது அவமானம் என்றார்கள்.

இங்கே நான் அபிமானிகளுடன் உடன்படவில்லை. கணக்கைப் பாருங்கள். 1968 முதல் 1970 இன் தொடக்கம் வரை விற்கப்பட்ட மூன்றாம் தொடர் ஏறத்தாழ 350. 1970 முதல் 1972 வரை லோட்டஸ் கட்டிய நான்காம் தொடர் ஏறத்தாழ 600 அல்லது அதற்குச் சற்று மேல். மாதக் கணக்கில் வகுத்தால் இரண்டும் கிட்டத்தட்டச் சமன். அதாவது நான்காம் தொடர் வியாபார ரீதியில் தோற்ற கார் அல்ல. அதைத் தோற்ற காராக வரலாற்றில் எழுதியவர்கள் அபிமானிகள். மௌனமாக அதை வாங்கி மகிழ்ந்தவர்கள் கடிதம் எழுதவில்லை, பிடிக்காதவர்கள் எழுதினார்கள். பத்திரிகைக் காரியாலயத்தில் வாசகர் கடிதப் பையைத் திறந்த எவருக்கும் இந்த விதி தெரியும்.

1973 ஏப்ரல் முதலாந் திகதி பிரித்தானியாவில் கொள்வனவு வரி ஒழிந்து, பெறுமதி சேர்ந்த வரி, அதாவது நமக்கும் பழக்கமான வற் வரி வந்தது. ஐரோப்பியப் பொருளாதார சமூகத்தில் சேர்ந்ததன் விளைவு அது. பாகமாக விற்றாலும் முழுதாக விற்றாலும் வரி ஒன்றே. செவன் பிறந்த காரணம் ஒரே நாளில் மறைந்தது. லோட்டஸ் அதற்கு முன்னரே செவனைக் கைவிட்டிருந்தது. தர்க்கப்படி பார்த்தால் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

முடியவில்லை. அதே 1973 இல் கிரஹாம் நேர்ன் செவனைக் கட்டும் உரிமையை லோட்டஸிடமிருந்து வாங்கினார். லோட்டஸ் என்ற பெயர் அதில் அடங்காது, கார் மாத்திரம். கைக்கு வந்த நான்காம் தொடர்ப் பாகங்களைக் கொண்டு சில கார்களைக் கட்டினார். பாகங்கள் தீர்ந்ததும் 1974 இல் ஒரு தீர்மானம் எடுத்தார். புதியதை விட்டுவிட்டுப் பழையதற்கு, அதாவது மூன்றாம் தொடருக்குத் திரும்பினார். மோட்டார் தொழில் வரலாற்றில் புதிய மாதிரியைக் கைவிட்டு அதற்கு முந்தியதை மீண்டும் உற்பத்தி செய்து பிழைத்தவர்கள் அரிது. நேர்ன் பிழைத்தார். பல ஆண்டுகளாகத் தனது கடையில் நின்று அபிமானிகளின் புலம்பலைக் கேட்டவர் அவர். அவர்களுக்கு எது வேண்டும் என்பது ஹெத்தலில் இருந்த பொறியியலாளர்களை விட அவருக்குத் தெரிந்திருந்தது. வரியைத் தவிர்க்க வாங்கியவர்கள் போய்விட்டார்கள். கட்டும் இன்பத்துக்காக வாங்குபவர்கள் எஞ்சியிருந்தார்கள். அவர்களின் தொகை ஒரு சிறு தொழிற்சாலைக்குப் போதுமானதாக இருந்தது.

ஆனால் அபிமானிகளின் அபிப்பிராயம் காப்பாற்றும் அதேவேளை கட்டியும் போடும். 1994 இல் கேற்றர்ஹாம் நிறுவனம் செவனின் கூட்டின் மீதே கதவுகளும் முழு உடலும் கொண்ட 21 என்ற காரைக் காட்சிப்படுத்தியது. அழகிய கார் என்றே படங்களைப் பார்க்கையில் எனக்குப் படுகின்றது. செவன் அபிமானிகளுக்கு அது தேவைப்படவில்லை. செவனின் நிர்வாணமே அவர்களுக்கு வேண்டியிருந்தது. மற்றவர்களுக்கோ 1996 இல் லோட்டஸின் எலீஸ் கிடைத்தது. அலுமினியப் பாகங்களைப் பசையால் ஒட்டிக் கட்டிய, 725 கிலோ மாத்திரமே நிறையுள்ள கார். எலீஸின் முதலாம் தொடர் மாத்திரம் பத்தாயிரத்துக்கு மேல் விற்றது. 21 ஐம்பது அளவில் நின்றுபோனது. சப்மன் 1982 இலேயே இறந்துவிட்டார். செவன் குறித்து அவர் வெட்கப்பட்டிருக்கலாம்; ஆனால் எலீஸைக் கட்டியவர்கள் செவனின் பாடத்தையே எடுத்துக்கொண்டார்கள். வடிவத்தைப் பின்பற்றாமல் சிந்தனையைப் பின்பற்றினார்கள். கேற்றர்ஹாம் அபிமானிகள் செய்தது இதற்கு நேர்மாறு.

1996 இல் இன்னொன்றும் நடந்தது. ரொன் சம்பியன் என்பவர், 250 பவுண் என்ற சிறு தொகைக்கும் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை நீங்களே கட்டலாம் என்று தலைப்பிலேயே கூறும் நூல் ஒன்றை எழுதி, ஹெய்ன்ஸ் பதிப்பகம் வெளியிட்டது. உருக்குக் குழாய்களை எந்த நீளத்தில் வெட்டுவது, எங்கே ஒட்டுவது என்று அதில் இருந்தது. எஞ்சினும் அச்சும் பழைய போர்ட் எஸ்கோர்ட் ஒன்றிலிருந்து. வடிவம் செவனின் வடிவம். லோட்டஸ் என்ற பெயரையும் மலிவு என்பதற்கான ஆங்கிலச் சொல்லையும் பிணைத்து அவ்வகைக் கார்களை லோகொஸ்ட் என்று அழைத்தார்கள். 250 பவுணுக்குள் முடித்தவர்கள் மிகச் சிலராகவே இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம். ரயர்களுக்கே அந்தத் தொகை போதாது. ஆயினும் பழைய 750 மோட்டார் கழகமே லோகொஸ்ட் கார்களுக்கென்று ஒரு பந்தய வரிசையைத் தொடங்கியது. அரை நூற்றாண்டுக்கு முன்னர் ஒஸ்ரின் செவனுடன் வந்த இளைஞர்களின் இடத்தில் அவர்களின் பேரப்பிள்ளைகள்.

கேற்றர்ஹாம் ஆதரவாளர்கள் சிலர் இவற்றைப் போலிகள் என்று முகம் சுளித்தார்கள். எனக்கு இது வேடிக்கையாகவே தோன்றியது. 536 பவுண் காரின் வாரிசாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் உரிமை, பல்லாயிரம் பவுண் கொடுத்துப் பளபளக்கும் பெட்டிகளைத் தருவிப்பவருக்கா, வெல்டிங் பொறியை இரவல் வாங்கிக் கொல்லையில் குழாய் ஒட்டுபவருக்கா? 1957 இன் வாங்குநர் யார் என்பதை வைத்துப் பார்த்தால் விடை சிரமமானதல்ல. பாதுகாப்பு என்ற கேள்வி வேறு. கைவேலைக் கார்களை வீதியில் விட முன்னர் ஒவ்வொன்றையும் தனித்தனியே பரிசோதிக்கும் முறையை 1998 இல் பிரித்தானிய அரசு அறிமுகப்படுத்தியது. 2009 இல் அதனிடத்தில் வேறொரு முறை வந்தது. கூரான விளிம்பு, பிரேக், விளக்கு, பட்டி என்று எல்லாம் பார்க்கப்படும். அபிமானிகளில் ஒரு பகுதியினர் முணுமுணுத்தார்கள். ரிண்டின் கதையை அறிந்தவர்கள் முணுமுணுத்திருக்க மாட்டார்கள் என நினைக்கின்றேன்.

நேர்ன் குடும்பம் 2005 இல் நிறுவனத்தை விற்றது. 2011 இல் மலேசியத் தொழிலதிபர் ரொனி பெர்னாண்டஸிடமும், 2021 இல் ஜப்பானின் வி.ரி. ஹோல்டிங்ஸ் நிறுவனத்திடமும் அது கைமாறியது. கார் மாறவில்லை. இன்றும் பெட்டிகளில் அடைத்து விற்கப்படுகின்றது. பொறுமையுள்ளவர் ஏறத்தாழ நூறு மணித்தியாலத்தில் பூட்டிவிடலாம். இப்போது பூட்டும் வழிகாட்டியைத் தாராளமாகக் கொடுக்கிறார்கள்.

2021 இல் வெளிவந்த செவன் 170 என்பது 440 கிலோ மாத்திரமே. அதாவது 1957 இன் முதலாவது செவனை விடவும் நிறை குறைந்தது. எஞ்சின் சுசுக்கியின் 660 கனசென்ரிமீற்றர். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் சந்திக்குச் சந்தி நிற்கும் ஜப்பானிய வாகன் ஆர் கார்களில் இருக்கும் எஞ்சினும் அதே குடும்பமே. ரேபோ பூட்டியிருப்பதுதான் வேறுபாடு. இதைக் கேட்ட என் நண்பரான கராஜ்காரர் ஒருவர், அப்படியானால் பழுது பார்க்கத் தன்னால் முடியும் என்றார். கார் எங்கே என்றும் கேட்டார்.

2023 இல் கேற்றர்ஹாம் மின்சாரத்தில் ஓடும் செவன் ஒன்றைப் பரீட்சார்த்தமாகக் கட்டியது. பந்தயப் பாதையில் 20 நிமிடம் ஓட்டி, 15 நிமிடம் மின்னேற்றி, மீண்டும் 20 நிமிடம் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது குறிக்கோள். பற்றரியுடன் நிறை 700 கிலோவுக்குள் அடக்கப்பட்டிருந்தது. மின்சாரக் கார்களில் அது அதிசயமான எண். செவனில் அது பாரமான எண். 1970 இல் கண்ணாடியிழை உடலைப் பற்றி எழுதப்பட்டவற்றை வாசித்த எனக்கு, இதைப்பற்றி இப்போது எழுதப்படுபவை மிகவும் பரிச்சயமாக இருக்கின்றன. ஓசை எங்கே என்று ஒருவர் கேட்கின்றார். ஓசையா பாரமா முக்கியம் என்று மற்றொருவர் மடக்குகின்றார். சப்மன் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதில் இரு தரப்பினருக்கும் சந்தேகமே இல்லை. என்ன ஒன்று, இருவரும் சொல்வது எதிரெதிரானவை.